உரிகத்தில் கொட்டிய ஆலங்கட்டி

மே மாதத்து ஞாயிறு, காலை எட்டு மணி. ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். நானும் மனைவி பிலோமினாவும் தங்கவயல் போகிறோம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போகிற காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலமாகிவிட்ட என் மாமனாரின் நெற்றித் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டு வர.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தார் என்பது மைத்துனர்கள் கட்சி. ஆலங்கட்டி அடித்தது என்பது பிலோமினா கட்சி. அன்று அவளுக்கு ஆறு வயது. வாசலெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்ததும், கல்லைப் பொறுக்கிச் சர்க்கரை தொட்டுத் தின்றதும் நன்றாக நினைவிருக்கிறதாம். போன கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணன்கள் மறுபடி கிண்டல் செய்யவே, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்களோடு பேச்சில்லை.

மாலூரில் ஏறிய தக்காளி விவசாயி ஒருவர், ஆலங்கட்டி என்று காதில் விழுந்ததும் கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷம் தோட்டம் முழுக்க நசுங்கி, கூரை ஓடு உடைந்து, காக்கைகள் செத்து விழுந்தனவாம். நஷ்டத்தைக்கூடக் கல்யாணக் கதை மாதிரி ரசித்துச் சொன்னார்.

பத்தரைக்குத் தங்கவயலின் உரிகம் ஸ்டேஷன். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பழைய பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா பிலோமினாவின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. டீ வந்தது. அன்று தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை என்றும், மழை நிற்க உலக்கையை வாசலில் எறிந்ததாகவும் சொல்லிச் சிரித்தார். பிலோமினா நேராகவே தழும்பைப் பற்றிக் கேட்டாள். அக்காவின் சிரிப்பு நின்றது.

"குடிச்சிருந்தாரு பாப்பா, அது நெசம். என் கொழந்த புங்கமரத்துத் தூளியில கெடந்துச்சி. நான் வாசல்ல நின்னு கத்தறேன். நெதானமா இருந்த ஆம்பளைங்க ஒருத்தரும் வெளிய எறங்கல. உங்கப்பாதான் ஓடினாரு."

குழந்தைமேல் கவிழ்ந்தபடி தூக்கி வந்தாராம்; கல் பட்டு நெற்றி பிளந்திருந்ததாம். வெளியே விட்ட சங்கதி தெரிந்தால் மாமியார் வீட்டைவிட்டே துரத்திவிடுவார் என்று அக்கா அழுதிருக்கிறார்.

"சாக்கடையில விழுந்தேன்னு சொல்லிக்கிறேம்மா, குடிகாரன் சொன்னா நம்புவாங்கன்னாரு. அவரு சாவுக்கு வந்தப்பகூட எனக்கு வாய் வரல. இனிமே நீ யாருகிட்ட வேணா சொல்லு."

அந்தக் குழந்தை இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

மாலை வண்டி ஒயிட்ஃபீல்டை நெருங்கும்போது பிலோமினா பெரிய அண்ணனுக்குப் போன் போட்டாள். அப்பா குடித்திருந்தார் என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"அண்ணா, நீ சொன்னது சரிதான். அப்பா அன்னிக்கு நல்லாவே குடிச்சிருந்தாராம்" என்றாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி, அத்தனை பெருமையாக.