ஒன்பதாவது கட்டம்

அந்த யோசனை எனக்கு வந்தபோது கள்ளக்குறிச்சி நூலகத்தில், மேலட்டை கிழிந்த ஒரு புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சமூகச் சீர்திருத்த வரலாறு அது. பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வேண்டாம் என்று உதறியவர்களைப் பற்றி நாலு பக்கம் வரும். படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரத்தது. பையில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான படிவங்கள் இருந்தன. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று விடுதிப் பெண்களின் படிவங்களை நிரப்பும் வேலையை வகுப்பாசிரியை என்னிடம் கொடுத்திருந்தார். ஒன்பதாவது கட்டம், சாதி. அதில் 'இல்லை' என்று எழுதினால் என்ன? அங்கேயே பேனாவைத் திறந்து என் படிவத்தில் எழுதிவிட்டேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சரித்திரத்தில் நானும் ஒரு வரி எழுதிவிட்டதாக நினைப்பு.

அன்று சாயங்காலம் என் தோழியின் படிவத்திலும் எழுதினேன்.

அவள் வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப்பும் போகாத ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். சாமையும் தினையும் விளைகிற மேட்டுக்காடு அவர்களுடையது. விடுதியில் எல்லோரும் அவளை மலைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கரடியைப் பார்த்திருக்கிறாயா என்று ஒருத்தி சீண்டினால், "பாத்துக்கீறேன், உன்ன மாதிரியேதான் தலை சீவாம இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குக் கணக்குப் போடுவாள். கணக்கில் எனக்கு அவள்தான் கதி. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் கீழேயிருந்துதான் வருவார். மழை பெய்தால் வரமாட்டார், சந்தை நாளென்றால் வரமாட்டார். "நான் டீச்சராயிட்டா எங்க வூட்லேர்ந்தே நடந்து போயிடுவேன், மழையாவது ஒண்ணாவது" என்பாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். கேட்டேன் என்பது என்னவோ உண்மை. சாப்பிட்ட தட்டைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நின்று, அரைமணி நேரம் நூலகப் புத்தகத்தை ஒப்பித்தேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். அப்படி எழுதினால் பின்னால் ஒன்றும் ஆகாதே என்றாள். என்ன ஆகும், நாளைக்கு ஊரே இப்படித்தான் எழுதப்போகிறது என்றேன். தட்டை உதறிவிட்டு, "நீ பொஸ்தவம் படிக்கிறவ. உனக்குத் தெரியாததா, எழுது" என்றாள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலையில் இறங்கியிருந்த நாட்கள் அவை. வழிநெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. பெற்றோர் கையெழுத்துக்குக் கடைசி நாள் நெருங்கியதால் நைனார்பாளையத்திலிருந்து என் அப்பா சைக்கிளில் வந்தார். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டியதாகச் சொன்னார். சட்டையில் பிசினும் இலையும் ஒட்டியிருந்தன. அவர் எட்டாவது வரை படித்தவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "நம்ம ஜனம் இதுக்காவ ரோட்ல வுழுந்து கெடக்குது. நீ இல்லன்னு எழுதினுகீறியா?" என்றார். சத்தம் போடவில்லை. தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, வேறு படிவம் வாங்கிவரச் சொன்னார். நான் மறுபடி எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அவமானமாக இருந்தது. அழுதேன்.

மறுநாள் மதியம் அவள் அப்பா வந்தார். பஸ் ஓடாததால் மலையிலிருந்து நடந்தே இறங்கி, கச்சிராயபாளையத்தில் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ படுத்திருந்து, விடிந்ததும் மறுபடி நடந்திருக்கிறார். தோளில் ஒரு மூட்டை சாமையரிசி. எனக்கென்று ஒரு துணிமுடிச்சில் கடுக்காய். எனக்கு அடிக்கடி தொண்டை கட்டும் என்று மகள் சொல்லியிருந்தாளாம். அவருக்கு எழுத்துத் தெரியாது. "எங்க வைக்கணும் பாப்பா?" என்று கேட்டார். இடத்தை நான்தான் தொட்டுக் காட்டினேன். தாள் நகராமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலை அழுத்தி எடுத்துவிட்டு, மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நிமிஷம் நான் வாய் திறந்திருக்கலாம். என் அப்பா முதல்நாள் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். என் படிவத்தில் தோற்றுப்போன கொள்கை அவள் படிவத்திலாவது பிழைத்ததே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, பன்னிரண்டாவது முடிந்ததும், இருவரும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தோம். அவள் என்னைவிட அதிக மதிப்பெண். ஆனால் பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் அவள் விண்ணப்பம் நகரவில்லை. சான்றிதழ் தருகிற இடத்தில் பள்ளிக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஸ்கூல் பேப்பர்லயே இல்லன்னு கீது, நாங்க எப்பிடி இருக்குதுன்னு எழுதறது?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி மாதிரியே இருந்தது. பெயரைப் பார்த்தால் சமவெளிக்காரர்கள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று வேறு ஒருவர் சந்தேகப்பட்டார். மூன்று முறை அப்பாவும் மகளும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். மூன்றாம் முறை வந்தபோது கடைசி நாள் தாண்டியிருந்தது. எனக்கு இடம் கிடைத்தது, எந்த ஒதுக்கீட்டுக் கட்டத்தை நான் வெறுத்தேனோ அதே கட்டத்தின் வழியாக. அவள் அடுத்த தை மாதம் கல்யாணமாகி, புருஷனோடு மைசூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போய்விட்டாள். போகும்போது என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தன் கணக்கு நோட்டுகளை என்னிடம் கொடுத்து, "உனக்குத்தான் கணக்கு வராதே, வச்சிக்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடிப்போய் மறுபடி படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பட்டத்தை உதறியவர்களுக்கு உதறிய பிறகும் நிலமும் படிப்பும் வீட்டில் நாலுபேர் உத்தியோகமும் இருந்தன; அதையும் எங்கோ ஒரு பக்கத்தில் சொல்லித்தான் இருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். என் தோழிக்கு உதற இருந்தது ஒரே ஒரு காகிதம். அதையும் அவள் உதறவில்லை, அவளுக்காக நான் உதறினேன்.

புதிதாக வருகிறவர்களை மலைக்குத்தான் அனுப்புவார்கள். தற்காலிக ஆசிரியையாக நான் இப்போது இருப்பது அவள் வேலை பார்க்க ஆசைப்பட்ட பள்ளியில்தான். மழை பெய்தால் நானும் சில நாள் வர முடியாமல் போய்விடுகிறது. அவள் படித்த காலத்துப் பழைய சேர்க்கைப் பதிவேடு கூரை ஒழுகிக் கட்டியாகிப்போய்க் கிடந்தது. போன மாதம் வெயிலில் போட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். அவள் பக்கம் கூழாகியிருக்கிறது. அவள் அண்ணன் பக்கம் பிழைத்திருக்கிறது. அதில் அவர்கள் பழங்குடி என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் போனேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் சாமைக்கதிரைக் கசக்கிக்கொண்டே கேட்டார். கையிலிருந்த பதரை ஊதிவிட்டு, "கைநாட்டு வச்சது நாந்தானே பாப்பா, நீ இன்னா பண்ணுவ" என்றார். இத்தனை வருஷமாக அந்தப் பழியைத் தன் விரல்மேலேயே போட்டு வைத்திருந்திருக்கிறார்.

பயிற்சியில் சேர அவளுக்கு வயது இன்னும் தாண்டவில்லை. காப்பித் தோட்டத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்; பதில் வரவில்லை. வருவாளா என்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை வெள்ளிமலை வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் அவள் அப்பாவும் நானும் கீழே இறங்குகிறோம். பதிவைத் திருத்தக் கேட்டு மனு, அந்தக் கட்டத்தை நிரப்பியது என் கை என்று என் வாக்குமூலம், அண்ணன் பெயருள்ள பதிவேட்டுத் தாள், எல்லாம் பையில் இருக்கின்றன. மனுவில் அவர் விரல் பதிய வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். முழுவதையும் ஒரு சொல் விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பேன்.