கதீஜா சொல்லாமல் விட்ட எழுத்து

நேற்றுக் காலை அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பிள்ளைக்கு இப்போதே குத்திவிடலாமா, மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தபோதே அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். பிள்ளை பேரைக் கேட்டார், சொன்னேன். தகப்பன் பேரைக் கேட்டார். நின்றுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள், நாலு பேருக்கு எதிரே நின்று இங்கிலீஷில் ஜெபம் சொன்னவள், வாயடைத்து நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, என் வீட்டுக்காரர் பேரைக் கணீரென்று சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பேர் வராது. நீங்கள் தேட வேண்டாம்.

பெட்டியிலிருந்து வந்த மருந்து நெடி மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பிள்ளையின் கையை ஊதிக்கொண்டே இருந்தேன். அந்த நெடி என்னைக் காதர் அண்ணன் படுத்திருந்த அறைக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிது. பின்கட்டுச் சுவர் ஒன்றாக இருந்த வீட்டில் துணி வியாபாரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மருமகள் கதீஜாவுக்கு என் வயதுதான். அவள் வீட்டுக்காரர் மீரான் மணிலாவில் கைக்குட்டையும் கைலியும் விற்கிற கடை வைத்திருந்தார். கதீஜாவின் அண்ணன் காதரும் அதே கடையில் இருந்தவர்தான். நெஞ்சில் நோய் வந்து திரும்பியவரை, பெற்றோர் இல்லாததால், தங்கை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் வந்த கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. கடைப் பரணிலிருந்து மூட்டையோடு விழுந்து மீரானுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது, எழுந்து நடக்க முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கதீஜாவைக் கூட்டிப்போக மாமனார் முடிவு செய்தார்.

அப்போதுதான் காதர் அண்ணன் மணிலாத் துறைமுகத்து நடைமுறையைச் சொன்னார்.

"எறங்குன ஒடனே நோய் இருக்கான்னு பாக்க பொம்பளைகளத் தனிக் கொட்டகையில நிப்பாட்டுவாங்க. யாரு, யாரு வீட்டுக்காரின்னு கேப்பாங்க. பதில் சொல்லத் தெரியாதவளத் திருப்பிக் கப்பல்ல ஏத்திருவாங்க. மாமா வெளியில நின்னு கத்துனா ஒண்ணும் கேக்காது."

அங்கே ஸ்பானிய பாஷை. ஆண்ட ஸ்பானியர்கள் அமெரிக்கர்களிடம் தோற்றுப் போய்விட்டாலும் கடையிலும் தெருவிலும் சர்க்கார் கச்சேரியிலும் அந்தப் பாஷைதான் என்றார். எங்கள் இரண்டு ஊரிலும் அது தெரிந்த ஒரே மனிதர் அவர். ஆனால் காய்ச்சல் அவர் நினைவைக் கலைத்துப் போட்டிருந்தது. தண்ணீருக்கு என்ன என்று கேட்டால் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் ஓர் எழுத்தைக் கொடுத்து, அதில் தொடங்கும் சொற்களாகச் சொல்லச் சொல்வேன். ஒன்று வந்தால் அது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். அதையே அவரிடம் செய்து பார்ப்போமே என்று தோன்றியது. 'அ' என்றேன். உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கி, "அகூஹா, ஊசி" என்றார். அவ்வளவுதான். அகுவா தண்ணீர், அர்ரோஸ் அரிசி, அசூக்கார் சர்க்கரை, அல்கொதோன் பஞ்சு, அயூதா உதவி என்று மடை திறந்தது போல் வந்தது. நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம், கதீஜா கட்டில் காலடியில். அவளுக்கு எழுதத் தெரியாது. ஒரு தரம் கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். நான் எழுதி வைத்துப் படித்தும் மறுநாள் பாதி போயிருக்கும்.

இது சரியான வழிதானா என்று எனக்கு உள்ளூர உறுத்தல்தான். சமையலுக்கு உள்ளது, நோய்க்கு உள்ளது என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமோ? ஊசியும் உதவியும் ஒரே மூட்டையில் கிடந்தால் அவசரத்துக்கு எதை எடுப்பாள்? அவளிடம் கேட்டபோது சிரித்தாள். "எங்க அடுக்களையிலயும் அப்படித்தான கெடக்கு. கேட்டா எடுத்துத் தாரேன்ல?"

காதும் அவளுக்கு அபாரம். 'க' நடந்தபோது காமீசா என்றால் சட்டை என்றார் அண்ணன். "எங்க அத்தாவும் கமீசுன்னுதான சொல்லுவாங்க" என்றாள். அடுத்தாற்போல் பழைய பாடத்துக்குப் போய், அந்த அசூக்காரும் ஓதிக் கொடுக்கிறவர் வாயில் கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தாள். அது எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவள் என்ற பேர் எனக்கு.

'க' எழுத்து என்றாலே எனக்கு மாட்டு வண்டிதான் ஞாபகம். கப்பலுக்குக் கெட்டித் துணி எடுக்க அவளும், என் அம்மாவைப் பார்க்க நானுமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரே வண்டியில் போனோம். திரை போட்ட வண்டி. இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் 'க'வில் பேர் சொல்லிக்கொண்டு வந்தாள். காசா வீடு, காயே தெரு, காம்போ வயல், கபாயோ குதிரை, கார்ரோ வண்டி. கோபுரம் தெரிந்தபோது சொல் கிடைக்காமல் தவித்து, பிறகு உள்ளே மணி இருக்கும்தானே என்று கம்பானா என்றாள். வண்டிக்காரர் தெலுங்குக்காரர். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "தாயி, இது எங்க பாஷையும் இல்ல, ஒங்க பாஷையும் இல்ல. மாட்டத் திட்டுதீகளா, என்னையத் திட்டுதீகளா?" அன்று சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

'ம'வுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மெதிக்கோ வைத்தியர், மானோ கை, மியேதோ பயம், மாரீதோ வீட்டுக்காரர். அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த எழுத்தில்தான் இருந்தது. ஆனால் அது மீரானின் எழுத்து. இரண்டு சொல் வருவதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

"ஏட்டி, அந்த எழுத்தையே தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கிட்டிருந்தா, அவன் பேரக் கூப்புடுத மாதிரிதான? படுத்துக் கெடக்கான். அவன் ஆயுசு என்னத்துக்கு ஆகும்?"

நான் வாதாடியிருக்கலாம். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கு மகன், எனக்கு வெறும் பாடம். தாளை மடித்து வைத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்பது இன்றைக்கும் தெரியாது. மாமியார் போன பிறகு கதீஜா அண்ணனிடம் மெதுவாக, "நீ சொல்லுண்ணே, நான் வாயத் தொறக்கல, கேட்டுக்கிடுதேன்" என்றாள். அந்த எழுத்து முழுவதையும் அவள் காதால் மட்டும் படித்தாள்.

கொட்டகையில் பேர் கேட்டால் என்ன செய்வாய் என்று புறப்படுகிற அன்றும் கேட்டேன். என் கையைப் பிடித்து அழுத்தினாள். தூத்துக்குடியிலிருந்து கப்பல் போன பிறகு எனக்கு அதே நினைப்பாகவே இருந்தது. ஒரு பேருக்காக அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால், கால் முறிந்து கிடக்கிறவருக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

அடுத்த வருஷம் மாமனார் மட்டும் திரும்பி வந்தார். நடந்ததை நடுக்கூடத்தில் உட்கார்ந்து அவர் சொல்ல, நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

கொட்டகையில் நம் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் வீட்டுக்காரர் பேர் வாயில் வரவில்லை. அதிகாரி மேசையைத் தட்டினாராம். கதீஜாதான் வழி செய்தாள். கப்பலில் வந்த நாட்களில், கூட வந்த ஆண்கள் பேசக் கேட்டு, ஒருத்தி வீட்டுக்காரர் பேர் இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் பேரை நீ சொல்லு, உன்னுடையவர் பேரை நான் சொல்கிறேன் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தாள். நம் ஊரில் அதுதானே வழக்கம்? ஆனால் அந்த அதிகாரி, யார் வாயிலிருந்து பேர் வந்ததோ அவளே அந்தப் பேருக்குரியவள் என்று எழுதிவிட்டார்.

வாசலில் மாமனார் காத்திருக்கிறார். "மீரான்" என்று கூப்பிட்டு, காயல்பட்டினத்து அம்மாள் ஒருத்தியை அவர் கையில் ஒப்படைத்தார்கள். கதீஜாவை யாரோ ஒரு மிளகு வியாபாரி முன்னால் நிறுத்தினார்கள். அந்த மனிதர் அல்லா அல்லா என்று கண்ணை மூடிக்கொண்டாராம். ஆளுக்கொரு பக்கம் கத்த, காவல்காரர்கள் எல்லோரையும் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தார்கள். அத்தனை பேரும் பொய் சொன்னவர்கள் என்று கப்பலுக்கே அனுப்பப் போகிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்ததாம்.

அப்போது கதீஜா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நெஞ்சில் கையை வைத்தாள். "மி மாரீதோ, மீரான்" என்றாள். என் வீட்டுக்காரர் மீரான். அதிகாரி காதில் வாங்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள், வாசலில் நின்ற மாமனாருக்கும் கேட்கும்படி. பிறகு மற்றவர்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, யார் யாருடையவள் என்று அவளே சொல்லி முடித்தாள்.

மாமனார் தொடர்ந்து சொன்னார். "வெளிய வந்ததும், 'என்னம்மா, அவன் பேரச் சொல்லிட்டியே'ன்னேன். 'தமிழ்ல சொன்னாத்தான் மாமா கூப்புடுதது. அங்க சொன்னது பதிலு'ங்கா." சொல்லிவிட்டு அவர் மாமியாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அப்படியொரு பெருமை. மாமியார் எழுந்து போய் அவருக்கு மோர் கொண்டுவந்தார்.

மீரான் கம்பு ஊன்றி நடக்கிறாராம். கதீஜாவுக்கு ஒரு பெண் குழந்தை. அந்த ஊரில் இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தானாம், கச்சேரிக்கும் வந்துவிட்டதாம், பிள்ளைகள் எல்லாம் குட்மார்னிங் சொல்கிறார்களாம். நாங்கள் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிய பாஷை அங்கேயே கிழவர்கள் வாய்க்கு ஒதுங்கிக்கொண்டிருக்கிறதாம்.

காதர் அண்ணன் அந்த வருஷப் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. மாமனாரும் மாமியாரும் வீட்டை விற்றுவிட்டு மகனிடமே போய்விட்டார்கள். காதர் அண்ணன் படுத்திருந்த அறையில் இப்போது பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். நேற்று இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் இலேசாக இருந்தது. மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே 'அ'வில் ஆரம்பித்தேன். அகுவா, அகூஹா, அர்ரோஸ் வந்தது. பஞ்சுக்கு என்ன சொல் என்று வெகுநேரம் யோசித்த பிறகுதான் வந்தது. உதவிக்கு உள்ள சொல்லை இதை எழுதும்போதுதான் பழைய தாளில் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று சந்தேகம். கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு ஊரிலும் ஓர் ஆள் இல்லை.