போனில் பார்த்தால் வெளிச்சம்

அந்த டிவியைப் பற்றி என் தம்பியிடம் எத்தனை தடவை புகார் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. புகார் ஒன்றுதான்: படம் இருட்டாக இருக்கிறது. அவன் பதிலும் ஒன்றுதான்: "நல்லாத்தானே இருக்கு, லாத்தா."

லாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. ஊர் கீழக்கரை. தம்பி துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது வழக்கம். எனக்கு வீட்டோடு சேர்த்து வாப்பாவும் வந்தார். உம்மா மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சென்னையில் கடை வேலையில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். ஆக, அந்தப் பெரிய வீட்டில் நானும் வாப்பாவும் டிவியும்தான்.

டிவி, பெருநாளைக்கு முந்தின வாரம் தம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பியது. கட்டில் அகலம் இருக்கும். மாட்ட வந்தவர் சுவரைத் துளைத்து மாட்டினார், ரிமோட்டை என் கையில் கொடுத்தார், போய்விட்டார். மற்றதெல்லாம் தம்பி வீடியோ காலில் சொல்லச் சொல்ல நான் அமுக்கியது. 'சினிமா' என்று ஒன்று வரும், அதை வை என்றான். கரண்டு மிச்சம் பிடிக்க ஒன்று வரும், அதையும் வை என்றான். வைத்தேன். ஒரு மாதமாக இதையெல்லாம் தேடித் தேடிப் படித்திருப்பான் போலிருக்கிறது. எச்.டி.ஆர். என்ற வார்த்தையைப் பத்துத் தடவையாவது சொன்னான். கடலில் வெயில் அடிப்பது நேரில் பார்ப்பது மாதிரியே தெரியுமாம். கடல் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதைப் போய்ப் பார்க்கவே எனக்கு நேரமில்லை.

செய்தி, சமையல், குர்ஆன் ஓதும் சேனல் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தன. தம்பி சந்தா கட்டிவைத்திருந்த ஆப்பில் படம் போட்டால்தான் வம்பு. ஓரத்தில் அந்த மூன்று எழுத்தும் வந்து மறையும், கூடவே வெளிச்சமும் மறைந்துவிடும். பேச்சுக் கேட்கும். பேசுவது ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சொன்னது வாப்பாதான். லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஏன் புள்ள, வெளக்க அணைச்சுட்டா படம் புடிச்சாங்க?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் வாப்பா இன்னும் என்னென்னவோ சொல்லத் தொடங்கியிருந்தார். ஜித்தாவில் முப்பது வருடத்துக்கு முன்னால் வேலை பார்த்த கடையின் சாவியைக் காணோம் என்று அலமாரியை எல்லாம் கலைத்துப் போடுவார். உம்மா ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கேட்பார். இருட்டுப் படத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, வேலை ஒழிந்த ஒரு மத்தியானம் நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். "எங்கன காட்டு, பாப்போம்" என்றான். போனைத் திருப்பி டிவிக்கு நேரே பிடித்தேன்.

"தெளிவாத்தானே இருக்கு. ஆளுக மூஞ்சி எல்லாம் தெரியுதே."

"எனக்குத் தெரியலியே."

"கண்ண செக் பண்ணு, லாத்தா."

போனேன், ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி. கண்ணில் ஒன்றுமில்லை, பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் தம்பியிடம் சொன்னேன். அப்படியானால் கூடத்தில் வெளிச்சம் அதிகம், எச்.டி.ஆரை இருட்டில்தான் பார்க்க வேண்டும் என்று அடுத்த வைத்தியம் சொன்னான். எங்கள் வீடு பழைய வீடு, நடுவில் முற்றம், உச்சி வெயில் நேராக உள்ளே வந்து விழும். முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே கொடி கட்டி, கட்டில் விரிப்பு இரண்டைத் தொங்கவிட்டேன். காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. படம் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்தது. தூங்கி எழுந்து வந்த வாப்பா கூடத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிட்டதென்று, தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்டார். மணி இரண்டரை. இல்லை வாப்பா, பகல்தான் என்று விரிப்பை விலக்கிக் காட்டினேன். வெயிலைப் பார்த்தார், பிறகும் தண்ணீர் கேட்டார்.

அதைத் தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். "இருட்டா இருந்தா எனக்கும்தான் அப்படித் தோணும்." விரிப்புகளைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டேன்.

டிவி இருட்டாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம். அணைத்துவைத்தால் போயிற்று. எனக்கு விஷயம் வாப்பா. வாப்பாவை வழக்கமாகப் பார்க்கும் ராமநாதபுரத்து டாக்டர் அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோய் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள், இப்போதே ஆரம்பித்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம் என்று சொல்லியிருந்தார். வாப்பா அசையவில்லை. காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். "எம் மகன் சொல்லட்டும், போறேன்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மகன் சொன்னால் எதையும் கேட்பார், அது சின்ன வயதிலிருந்தே நான் பார்த்து அலுத்த விஷயம். ஆனால் அந்த மகன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

"அவர மண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊர் வாயில போடாதே, லாத்தா. தினம் பேசுறேன். நல்லாத்தானே பேசுறாரு."

தினம் பேசினான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் அஸர் தொழுத கையோடு கூப்பிடுவான். போன் மணி கேட்டதும் வாப்பாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தம்பி திரையில் வருவான், பின்னால் வெறும் சுவர். வாப்பா ஸலாம் சொல்வார். சாப்பிட்டியா, தொழுதியா, அங்கன வெயில் எப்படி, எப்ப வாரே. இந்த நாலு கேள்விதான், இரண்டு வருடமாக இதே நாலு கேள்வி. நாலுக்கும் அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு கால் வந்துவிடும். வைத்த பத்து நிமிஷத்தில் வாப்பா என்னிடம் கேட்பார்: "இன்னைக்கு அவன் போன் போடலியே, புள்ள?" போட்டான் வாப்பா என்பேன். மறுபடி கேட்பார். ராத்திரி இஷா வரைக்கும் கேட்பார். சில நாள் பொறுமையாகச் சொன்னேன், சில நாள் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நின்றிருக்கிறேன்.

இதெல்லாம் சொன்னால் தம்பி நம்பவில்லை. நான் தனியாகக் கிடந்து அலுத்துப்போய் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தான். அலுத்துப்போனது உண்மை.

போன வருடம் லீவில் வந்தான். வாசலில் டாக்ஸி நின்றதும், "வாப்பா, தம்பி வந்துட்டான்" என்று நான் குரல் கொடுத்தேன். வாப்பா எழுந்து போய்க் கட்டிக்கொண்டு அழுதார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி அவர் தோளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், வாப்பா தூங்கும் நேரம், தம்பி கைலியும் பனியனுமாக உட்கார்ந்து ஒரு படம் போட்டான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"லாத்தா, என்னத்தைப் போட்டு அமுக்குன? ஒண்ணுமே தெரியல."

நான் ஈரக் கையோடு வந்து நின்றேன். எழுந்தான், பின்னால் எட்டிப் பார்த்தான், வயரை ஆட்டிப் பார்த்தான். சேனலுக்கு மாறி வெளிச்சத்தைக் கூட்டினான். சேனலில் கண் கூசியது, படத்துக்குத் திரும்பினால் அதே இருட்டு. கடைசியில் போனில் ஒரு போட்டோ எடுத்து, துபாயில் ஒரே அறையில் தங்கும் நண்பனுக்கு அனுப்பி, இப்படி இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டான். உடனே குரல் செய்தி வந்தது. சத்தமாகவே போட்டான்.

"நல்லாத்தானேடா இருக்கு. ஒன் கண்ண செக் பண்ணு."

தம்பி போனைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். போட்டோவில் எல்லா முகமும் தெரிந்தன, ஒருத்தியின் தோடு கூடத் தெரிந்தது. எவ்வளவு இருட்டைக் காட்டினாலும் அதுவாக வெளிச்சம் ஏற்றிக்கொள்வது இந்தப் போன்களின் குணமாம், அவன்தான் மெதுவாகச் சொன்னான். ஸ்டூலில் உட்கார்ந்து ரிமோட்டை நோண்டிக்கொண்டே இருந்தான். சேனலுக்கு ஒரு செட்டிங், எச்.டி.ஆருக்கு வேறொரு செட்டிங், படம் இருட்டாக ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால்தான் இரண்டாவது கண்ணில் படுமாம். அங்கே போய் கரண்டு மிச்சத்தை எடுத்துவிட்டான். 'சினிமா'வையும் மாற்றினான். இன்னொன்றை 'ஆன்' செய்தான். கூடம் முழுக்க வெளிச்சம் வந்தது. இரண்டு வருடத்து இருட்டுக்கு ஐந்து நிமிஷ வேலை.

படத்தின் சத்தத்தில் வாப்பா எழுந்து வந்துவிட்டார். டிவிக்குப் பக்கத்தில் பனியனோடு ஸ்டூலில் இருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிவி ரிப்பேருக்கு வந்த தம்பியா? புள்ள, தம்பிக்கு டீ போட்டுக் குடுத்தியா?"

தம்பி ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"பாத்துச் செய்ங்க" என்றார் வாப்பா. "எம் மகன் துபாய்லேர்ந்து வாங்கிக் குடுத்தது."

"வாப்பா, நான்தான் ஒங்க மகன்."

வாப்பா மரியாதையாகச் சிரித்தார். "அதுக்கென்ன தம்பி, எல்லாரும் எம் புள்ளையதான்." நாற்காலியில் உட்கார்ந்து, படம் நல்லாத் தெரியுது என்று சொன்னார்.

நான் சொன்னதெல்லாம் சரி என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அடுப்படிக்குப் போய் டீக்குப் பால் வைத்தேன். பின்னாலேயே வந்தான்.

"இவ்ளோ இருக்குன்னு ஏன் சொல்லல, லாத்தா?"

"சொன்னேன்" என்றேன். "டிவி இருட்டா இருக்குன்னும்தான் சொன்னேன்."

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன். அதற்கும் தெம்பு இல்லை, சும்மா சொன்னது மாதிரி வந்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்று அழுதான். டீ ஆறும்வரை நானும் நின்றேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வாப்பா முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். நாளைக்கு மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினான்.

வாப்பா யோசித்தார். "இல்லங்க தம்பி, எம் மகன் ஒரு வார்த்த சொல்லட்டும். அவனக் கேக்காம நான் எங்கனயும் போறதில்ல."

அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டுத் தம்பி உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினான். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் தம்பி, பின்னால் மாடி அறையின் வெறும் சுவர்.

வாப்பாவின் முகம் மலர்ந்தது. பெயர் சொல்லி ஸலாம் சொன்னார். சாப்பிட்டியா என்றார், தொழுதியா என்றார்.

"தொழுதேன் வாப்பா. நாளைக்கு லாத்தாவோட மதுரைக்குப் போயிட்டு வாங்க. டாக்டரப் பாத்துட்டு வரணும்."

"நீ சொன்னாச் சரி, போறேன்." ஒரு பேச்சு மறுத்துச் சொல்லவில்லை. "அங்கன வெயில் எப்படி?"

"வெயில்தான் வாப்பா."

"எப்ப மகனே வாரே?"

திரையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"வாரேன் வாப்பா. சீக்கிரம் வாரேன்."

அந்தக் குரல் மாடிப்படி வழியாக முதலில் வந்தது, பிறகு போனில் வந்தது. வாப்பா படிப்பக்கம் திரும்பவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"சீக்கிரம் வாரானாம், புள்ள."