ஆத்தா பேரில் வந்த கேழ்வரகு மூட்டை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை ஒரே பகலில் காலி செய்தவள் என் சித்தி. மணவாள நகரிலிருந்து பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போனாள். பாமாயில் பாக்கெட், வனஸ்பதி டப்பா, மைதா, சேமியா, மிக்சர், அப்பளக்கட்டு என்று எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போயின. அரிசி டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த கிரீம் பிஸ்கட்டையும் கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்த எனக்கு, போலீஸ்காரர்கள் வீட்டைச் சோதனை போடுவதுபோல் இருந்தது.

எல்லாம் அப்பாவுக்காக. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் அவர் கிரேன் ஓட்டினார். எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் ஏதாவதொரு கம்பெனிக்குத்தான் போனார்கள். ஆனால் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்பவர்கள் கை காட்டக் காட்ட, பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கி வைக்கிற வேலை அப்பாவுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் போதும், விமானம் ஓட்டுகிறவரின் மகளைப்போலப் பேசுவேன்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடா வருடம் உடம்புச் சோதனை உண்டு. அந்த வருடம் அப்பாவுக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மேலே இருக்கும்போது தலை சுற்றினால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? ஆடி மாதம் மறுபடி சோதிப்போம், குறைந்திருந்தால் கூண்டு, இல்லாவிட்டால் கீழே இறங்கி லோடு ஏற்றப் போக வேண்டியதுதான் என்று ஆலை டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை விஷயத்தை வெளியே விடாமல் இருக்கிறேன் என்று அவர் பெரிய மனது பண்ணியிருந்தார். கீழே இறக்கப்பட்ட எவரும் மறுபடி மேலே ஏறியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா இதை அம்மாவிடம் மட்டும் சொன்னார், அம்மா சித்தியிடம் மட்டும் சொன்னாள். எங்கள் வீடு இருந்த சின்ன அளவுக்கு, நான் கேட்காமல் எந்த ரகசியத்தையும் அங்கே பேச முடியாது.

சித்தி, காலையில் டி.வி.யில் வரும் வைத்தியர்களை ஒருவர் விடாமல் பார்க்கிறவள். அந்தத் தைரியத்தில் அலமாரியை நிரப்ப ஆரம்பித்தாள். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கொள்ளு, கம்பு, சாமை, பச்சைப்பயறு, தோல் எடுக்காத கறுப்பு உளுந்து, வேர்க்கடலை, எள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கினாள். மாடியில் காயப்போட்டால் ஆலைப் புகையின் கரித்தூள் வந்து படியும் என்பதால், அந்தக் கீரைக்காக எங்கள் ஒரே கட்டில் சில நாள் எங்களுக்கு இல்லாமல் போயிற்று. கறிக்குப் பதிலாக மீல்மேக்கர் வந்தது. மட்டன் மாதிரியே இருக்கும் என்றாள் சித்தி. அப்பா ஒரு துண்டை மென்றுவிட்டு, சித்தி மட்டனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும் என்றார்.

கொள்ளு ரசம் வைத்த அன்று அவருக்கே பொறுக்கவில்லை.

"குதுரைக்கு வெக்கிறத பாட்டில்ல போட்டு வெச்சிக்கினு, எனக்கு ஊத்திக்கினு கீறீங்க?"

"எந்தக் குதுரைக்காவது சக்கர வந்து பாத்துகீறீங்களா மாமா?" என்றாள் சித்தி. அப்பா ரசத்தைக் குடித்தார்.

இப்படி ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தவர், கேழ்வரகில் மட்டும் அசையவில்லை. சித்தி ஊரிலிருந்து கொண்டுவந்த மாவில் அம்மா களி கிண்டி வைத்தபோது தட்டைத் தள்ளி வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இது மட்டும் வேணாம். இத துன்னக் கூடாதுன்னுதான் நான் கம்பெனிக்கே போனேன்."

எங்கள் வீட்டில் கேழ்வரகு சமைப்பதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆடி மாதம் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்தால், அப்பா கேட்டு வாங்கி ஓவர்டைம் போய்விடுவார். நான் சிநேகிதி வீட்டுச் சொம்பில் வாங்கிக் குடிப்பேன், அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காததுபோல அப்பாவுக்குக் கேழ்வரகு பிடிக்காது என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாளோ, கடைசியில் அப்பா சம்மதித்தார். அடை, புட்டு, ரொட்டி எதுவானாலும் சரி, கூழும் களியும் கூடாது. தெருவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. வாரா வாரம் தெருக்கடையில் கேழ்வரகு வாங்கினால் நாலு பேர் கண்ணில் படும் என்று அம்மா கணக்குப் போட்டாள். அதனால் புதுவாயல் கூட்ரோட்டுக்குப் போய் ஒரேயடியாக ஒரு மூட்டையாக வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கைப்பையில் கொண்டுவந்திருந்தால் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். மூட்டை இறங்கியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா அது, கேவுரு மூட்ட? உங்க ஊட்லயா?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலிலிருந்தே கேட்டாள்.

அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனாலோ என்னவோ, சொன்ன முதல் பொய்யே மலையளவு பெரிதாகிவிட்டது.

"ஆத்தாளுக்குக்கா. கூழுக்கு வேண்டிக்கினேன்."

பெரியம்மா இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கு வைப்பதற்குள் செய்தி கோயில் கமிட்டி வரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு வினையே ஆரம்பித்தது. ஆத்தாளுக்கு என்று வாயால் சொன்ன பொருளை எப்படி எடுத்துச் சமைப்பது? மூட்டையைச் சாமி படத்துக்குக் கீழே நிறுத்தி வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, தையலைப் பிரிக்கவில்லை. சோதனை நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அடை எங்கே என்று அப்பா கேட்டபோதெல்லாம் கோதுமை ரவையைக் கிளறி வைத்தாள். ஆத்தா கோபித்துக்கொண்டு சர்க்கரையை ஏற்றிவிடுவாளோ என்று என்னிடமே கேட்டாள். நான் ராத்திரி அந்த மூட்டை இருந்த பக்கம் கால் நீட்டாமல் படுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பைச் சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. கூழுக்குத் தானியம் வாங்கக் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாக வருவது வழக்கம். படி அரிசி, அரைப்படி கேழ்வரகு என்று வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அன்று மாலையோடு வந்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. அப்பாவின் ஆலையிலேயே சூப்பர்வைசர். யாரைக் கூண்டில் ஏற்றுவது, யாரை லோடுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா, கைலியோடு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். பெரியப்பா மாலையை அவர் கழுத்தில் போட்டார்.

"இத்தினி வருசமா கூழுன்னா ஓடி ஒளிவியேடா! இப்ப பாருங்கப்பா, மூட்டையே இறக்கிக்கினான். எல்லாம் ஆத்தா செயலு."

தெருவே கைதட்டியது. இரண்டு பேர் உள்ளே வந்து மூட்டையின் காதைப் பிடித்தார்கள். அம்மா தடுக்கவில்லை, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்ததைப் பக்தி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் மாலையும் மரியாதையும் மிஞ்சியிருக்கும். அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வெச்சிடுங்கப்பா. அது ஆத்தாளுக்கு வாங்கினது இல்லண்ணா."

பம்பை நின்றுவிட்டது.

"நான் துன்றதுக்கு வாங்கினது. எனக்குச் சக்கர. ஆடி மாசம் மறுபடி டெஸ்ட் கீது. கேவுரு துன்றான்னு நாலு பேரு சொல்வாங்கன்னு எனக்குத்தான் வெக்கம். இவ என் மானத்துக்கோசரம் ஆத்தா பேரச் சொல்லிட்டா. கோவம்னா ஆத்தா எங்கிட்ட வெச்சிக்கட்டும்."

யாருக்குத் தெரியக் கூடாதோ அந்தப் பெரியப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று. நாளைக்கே அப்பாவைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் நான் இனி எதைப் பேசுவது என்று பயந்துகொண்டு அம்மாவின் கையைப் பிடித்தேன்.

முதலில் வாயைத் திறந்தது பம்பைக்காரர்தான். "எனக்கும் கீதுண்ணா சக்கர. எங்க ஊட்ல கம்பங்களிதான். நானும் கதவச் சாத்திக்கினுதான் துன்றேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா, தன் வீட்டுக்காரருக்கும் அதேதான் என்று போட்டு உடைத்தாள். அவர் அவளை முறைத்த முறைப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெரியப்பா மட்டும் சிரிக்காமல் நின்றார். பிறகு அப்பாவின் தோளில் கை போட்டு, வாசல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், நான் மாத்திர போட ஆரம்பிச்சு மூணு வருசம் ஆவுது. எவன்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. டெஸ்ட் முடியட்டும், அதுவரிக்கும் மேலதான் கீற."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தானே உள்ளே போய் மூட்டையின் தையலைப் பிரித்து, முறத்தால் அள்ளி அள்ளிப் பாதியைக் கமிட்டிக்காரர்களின் கோணியில் போட்டார். ஆத்தாளும் சாப்பிடட்டும், நானும் சாப்பிடுகிறேன் என்றார். அன்று பகல் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தாமல் அம்மா முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை தட்டினாள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும்.

சோதனையில் அப்பா தேறினார். டாக்டர் சிரித்துக்கொண்டே என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டாராம். என் மச்சினிச்சி போட்ட மந்திரம் என்று அப்பா சொன்னாராம். சித்தி போனில் அழுதாள், அம்மா அடுப்படியில் அழுதாள், அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் அதற்குமுன் இருந்ததில்லை. இனிமேல் பிரியாணிதான் என்று நான் குதித்தேன். பிரியாணியும் வந்தது, உள்ளே மீல்மேக்கரோடு.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓவர்டைம் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பெரியப்பா ஊற்றுகிற சொம்பை அவர் கையில் கொடுத்தார். அப்பா கொஞ்ச நேரம் அதை வாங்காமல் நின்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

மற்ற வரிசைகளில் நின்றபடியே மொண்டு மடமடவென்று ஊற்றினார்கள். அப்பாவின் வரிசை மட்டும் நகரவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் குனிந்து, தன் சொம்பின் விளிம்பை அவர்கள் பாத்திரத்தின்மேல் பொருந்த வைத்து ஊற்றினார். சின்னப் பிள்ளைகள் வந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளினார்கள். "சீக்கிரம் ஊத்துப்பா!" என்று நான் கத்தினேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, பேச்சுவாக்கில் அம்மா ஒன்று சொன்னாள். அப்பா பத்து வயதில் சேரியிலிருந்து ஊர்க்காரர்களின் நிலத்தில் நடவுக்குப் போனவர். பகலில் கூழ் வரும். இவர்கள் வரப்புக்குக் கீழே நின்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், பாத்திரம் விரலில் பட்டுவிடக் கூடாது என்று அவர்கள் வரப்பின்மேல் நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி கூழ் முழங்கை வழியாக ஓடிச் சேற்றில் விழும்.

இதெல்லாம் அன்று வரிசையில் நின்ற எனக்குத் தெரியாது. என் முறை வந்ததும் அவசரத்தில் சொம்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அப்பா என் கையை மெல்லப் பிடித்து இறக்கி, தானும் கீழே உட்கார்ந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எங்கள் அப்பாவுக்குக் கிரேன் ஓட்டத் தெரிந்த அளவுக்குக் கூழ் ஊற்றத் தெரியவில்லை என்று சிநேகிதியிடம் சொல்லிச் சிரித்தேன்.