கழுத்துக் கட்டி டாக்டர்

எழுபதுகளில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு மாடியறையில், தைராய்டு கட்டியை ஊசியால் குத்திப் பார்த்துச் சொல்லும் டாக்டர் ஒருவர் இருந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்தே கூன் விழுந்தவர். என் கழுத்திலிருந்து உறிஞ்சியதைக் கண்ணாடித் துண்டில் தடவினார். கடற்காற்றின் ஈரத்தை நம்பாமல், பனையோலை விசிறியால் வீசிக் காயவைத்தார். சாயமேற்றிப் பார்த்து முடிப்பதற்குள், என் இரங்கல் கூட்டத்துக்கு நான் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

“செல்லெல்லாம் ஒழுங்கா இருக்கு. கேன்சர் இல்ல, அண்ணாச்சி.”

நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

“இருங்க, டீ சொல்லுதேன். கெட்ட சேதின்னா அழுதுக்கிட்டாவது கொஞ்ச நேரம் இங்கன இருப்பாவ. நல்லதுன்னா ஒருத்தரும் நிக்க மாட்டேங்காவ.”

அதற்குள் ஒரு காலில் மாட்டியிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மற்றதையும் மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.