ஆப்பில் நானூறு பேர்

இனி மெயில் வேண்டாம் என்று முடிவெடுத்த அன்று மேல்மாடியில் இருந்தவர்கள் இவர்கள். கொழும்பில் படித்துவிட்டு வந்து கூட்டத்துக்குத் தலைவராகிக்கொண்ட ஒருவர். தன் கம்பனியின் பெயர் அடித்த ரீசேட் போட்டிருந்தார். அந்தக் கம்பனியில் அவர் மட்டும்தான். ஆப் செய்கிற தாடிக்காரன். குருநகரில் தகப்பன் பிடிக்கிற நண்டை இணையத்தில் விற்கிற பிள்ளை. ஏசிக்காக வந்து பின்வரிசையில் நித்திரை கொள்கிற ஒருவர். தேத்தண்ணித் தட்டோடு நான்.

கட்டிடம் கோப்பாயில். உரிமையாளர் கனடாவில். கீழே கடைகள், மேலே ஒரு பெரிய அறை. கொம்பியூட்டர் தொழில் தொடங்குகிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடட்டும் என்று வாடகை இல்லாமல் கொடுத்தார். நான் காவல். கூட்டுவேன், பூட்டுவேன், படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் படுப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்.

உரிமையாளர் என்னிடம் கேட்டது இரண்டு வேலை. கூட்டத்துக்கு ஒரு கிழமை முன் எல்லோருக்கும் மெயில் போட வேண்டும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி அவருக்கு மெயில் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று போனில் அவரே சொல்லித் தந்தார். பழக இரண்டு நாள் எடுத்தது. நாள், நேரம், இடம். நான்கு வருடமாக இதைத்தான் எழுதினேன். வேறு எழுத என்ன இருக்கிறது.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருந்தேன். வருகிறவர்கள் அதில் மெயில் முகவரியை எழுதுவார்கள். நான் பார்த்து அடிப்பேன். ஒரு புள்ளி பிழைத்தாலும் மெயில் திரும்பி வந்துவிடும். பிழைக்க விடுவதில்லை.

"அண்ணை, இனி நீங்கள் மெயில் போட வேண்டாம்," என்றார் தலைவர். "எங்கடை சொந்த ஆப் வந்திட்டுது. அறிவித்தல் நேர போனுக்குப் போகும்."

"மெயிலும் போனுக்குத்தானே போகுது."

"அதைக் கிழவர்தான் பாக்கினம்."

தாடிக்காரன் சிரித்தான். நண்டுப் பிள்ளை சிரிக்கவில்லை.

"எனக்கு ஓடர் எல்லாம் மெயிலிலதான் வருது," என்றாள். "ஹோட்டல்காரர் வேறை ஒண்டிலயும் எழுதமாட்டினம்."

"நீங்கள் இன்னும் ஸ்கேல் ஆகேல்லை. அதுதான்."

"நண்டு பிடிபடுற அளவுக்குத்தான் விக்கலாம், அண்ணை."

அவருக்கு அது விளங்கவில்லை. குறித்துக்கொண்டார். எதையும் குறித்துக்கொள்வார். அந்த நான்கு வருடத்தில் அந்த அறைக்குள் உலகத்தை ஏழெட்டுத் தரம் மாற்றியிருப்பார்கள். ஒருதரமாவது கதிரையை எடுத்த இடத்தில் வைத்ததில்லை.

மெயிலை நிறுத்தினேன். அதுவரை முப்பதுக்குக் குறைந்ததில்லை. முதல் மாதம் பத்தொன்பது பேர் வந்தார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டு. உள்ளதை எழுதினேன். உரிமையாளர் பதில் போட்டார். அடுத்த கூட்டத்துக்கு முப்பது பேருக்குக் குறைந்தால் அறையை ரியூசன் நடத்துகிற ஒருவருக்குக் கொடுக்கப்போகிறார். அவர் காவலுக்குத் தன் ஆளைக் கொண்டுவருவார். அப்படியென்றால் நானும் போக வேண்டும். சண்டைக்குப் பிறகு மயிலிட்டியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. போக வேறு இடமும் இல்லை.

மெயிலைத் தலைவரிடம் காட்டினேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. ஆப்பில நானூறு பேர் இருக்கினம்."

"பன்னிரண்டு பேர்தானே வந்தவை."

"அது எங்கேஜ்மென்ட் பிரச்சினை."

"அதுக்கு மருந்து இருக்கோ?"

"அடுத்த வேர்ஷனில சரிவரும்," என்றான் தாடிக்காரன்.

சனிக்கிழமை காலை நூறு கதிரை போடச் சொன்னார்கள். போட்டேன். பேனர் கட்டினார்கள், கழற்றினார்கள், நேராகக் கட்டினார்கள். பத்து மணிக்குக் கூட்டம். பத்தரைக்கு அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் நித்திரை.

"தம்பி, அந்த நானூறு பேரில ஒராளுக்குக் கோல் எடும்," என்றேன் தாடிக்காரனிடம்.

அவன் போனைத் தடவினான். தலைவரைப் பார்த்தான்.

"அது கொழும்பில நடந்த ஆப் போட்டியில காட்டப் போட்ட பேர் அண்ணை. அழிக்க மறந்து போனன்."

"ஆர் போட்டது?"

"நாங்கள்தான். ரண்டு பேரும் இருந்து அடிச்சனாங்கள்."

"உண்மையான ஆக்கள் எத்தினை?"

"பதினேழு."

போட்டி முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. நடுவர்களை ஏமாற்ற எழுதிய கணக்கை, பிறகு தாங்களே நம்பியிருக்கிறார்கள். தாங்களே பெயர் வைத்த ஆட்களுக்கு அழைப்பு அனுப்பி, அவர்கள் இருக்கக் கதிரையும் போடுவித்திருக்கிறார்கள். படித்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். எனக்கு இவ்வளவு வராது.

தலைவர் கிட்ட வந்தார். "நாப்பது எண்டு எழுதிவிடுங்கோ அண்ணை. அவர் கனடாவில இருந்து எட்டிப் பாக்கப்போறாரோ?"

"கண்டதைத்தான் எழுதுவன்."

"உங்கடை இடமும்தான் போகும்."

"ஓம்."

படியில் போய் இருந்தேன். போனை எடுத்துக் கொப்பியில் உள்ள எல்லோருக்கும் எழுதினேன். இன்று சனி. பின்னேரம் நான்கு மணி. கோப்பாய் மேல்மாடி. முப்பது பேர் வராவிட்டால் இனி அறை இல்லை.

ஐந்து நிமிடத்தில் ஒரு பதில்: "வாறன்." இன்னொன்று லண்டனிலிருந்து: "நான் இப்ப இஞ்சை. தங்கச்சியை அனுப்புறன்." உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்துகொண்டே ஏதோ புரோகிராம் எழுதுகிறவர் போட்டிருந்தார்: "ரண்டு மாசமா மெயில் இல்லை. நீங்கள் செத்துப்போட்டியள் எண்டு நினைச்சன் அண்ணை."

இவர்களில் அரைவாசிப் பேர் போன் மாற்றியிருப்பார்கள், சிம் மாற்றியிருப்பார்கள். நாடு மாறியவர்களும் உண்டு. முகவரி அப்படியே இருக்கிறது. ஆப்பை மூடினால் ஆப் செய்தவனோடு எல்லாம் போகும். மெயிலை மூட ஒருவன் இல்லை.

மூன்றரைக்கு வரத் தொடங்கினார்கள். சைக்கிளில், பஸ்ஸில். யாழ்ப்பாண நகரத்தில் போன் திருத்துகிற முஸ்லிம் நானா கடையைப் பூட்டிவிட்டுத் தம்பியோடு வந்தார். நண்டுப் பிள்ளை பொதியை லொறியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

தலைவர் மைக்கை எடுத்தார். இத்தனை பேரைக் கூட்டியது எங்கள் ஆப் என்றார். கைதட்டினார்கள். வெங்காயக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தேன். தலைவரும் தாடிக்காரனும் நானும் கணக்கில் இல்லை. உரிமையாளர் வைத்த முறை அது. நித்திரை கொள்கிறவரை எண்ணுவதா என்று யோசித்தேன். நான்கு வருடம் ஒரு கூட்டமும் தவறவிடாதவர். எண்ணினேன். இருவர் எழும்பி வெளியே போய் வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

படியில் இருந்து கனடாவுக்கு எழுதினேன்.

முப்பத்து நான்கு.