பேஞ்சோவில் வைத்த பொட்டு

என் தம்பி யுகேந்திரன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். விடிவதற்கு முன்பே மலேசியப் பக்கத்து ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்புவான். எல்லைப் பாலத்து வரிசையில் நின்று நின்று போய், இருட்டிய பிறகு திரும்புவான். போன மாதம் அந்த வரிசையிலேயே வண்டிமேல் சாய்ந்து இறந்துபோனான். பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தார்களாம்.

அவனுடைய பேஞ்சோ, வேலையை விட்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தது. வட்டமான முகத்தின்மேல் ஐந்து கம்பிகள் ஓடும் வாத்தியம். அம்மா அதை முதலில் பார்த்தபோது, "என்னடா, உருமிக்குக் கம்பி மாட்டி வச்சிருக்க?" என்றார். அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்துவிட்டது. நாங்கள் பிறந்த பாலோவுக்கு அதைக் கொண்டுபோய், உருமி கட்டும் மூர்த்தியிடம் கொடுத்து, பிளாஸ்டிக் முகத்தைக் கழற்றிவிட்டு ஆட்டுத்தோல் போடவைத்துக்கொண்டு வந்தான். சத்தம் கொஞ்சம் கரகரத்தது. அதைத்தான் அவன் விரும்பினான்.

தீபன் நடத்திய புளூகிராஸ் குழுவில் வாசித்தான். அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு. எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். முறை வருகிறவர் ஓர் எட்டு முன்னால் வந்து வாசித்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். யுகேந்திரன் முன்னால் வந்தது தெரிவதற்குள் பின்னால் போயிருப்பான். ஆனால் கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது அவன் போட்ட மெட்டைத்தான். பாலத்து வரிசையில் ஹெல்மெட்டுக்குள் முனகி முனகிச் சேர்த்தது. அதற்கு 'பாலோ' என்று பெயர் வைத்திருந்தான்.

பதினாறாம் நாள் கருமக்கிரியையில் அவனுக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ், கோப்பி, பேஞ்சோ எல்லாவற்றையும் படத்துக்கு முன் வைத்தோம். அம்மா தோலின் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். அன்று மாலையே நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் ராக் குழுக்களும் தீபனின் குழுவும் வாசிக்கும் நிகழ்ச்சி.

"அக்கா, அவன் பேஞ்சோ மேடைல இருக்கணும். அவன் பேரச் சொல்லி 'பாலோ' வாசிக்கிறோம்," என்று தீபன் சொல்லியிருந்தான்.

பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "காரியம் முடிஞ்ச அன்னிக்கே பாட்டுக் கச்சேரியா?"

"மைக்ல அவன் பேரச் சொல்லுவாங்கன்னா போயிட்டு வரட்டும்," என்றார் அம்மா.

நான் போனபோது ராக் பையன்கள் காதல் முறிந்ததைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தீபன் பேஞ்சோப் பெட்டியைத் திறந்தான்.

"அலமாக், என்னக்கா இது? லைவ் போகுது லா. பூஜை சாமான் மாதிரி தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பொட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டான்.

"தோலு, தீபன். தண்ணி படக்கூடாது."

"தோலா? எல்லாம் பிளாஸ்டிக்தானே?" என் தம்பியோடு நான்கு வருடம் ஒரே மைக்கில் நின்றவன் கேட்டான்.

சற்று நேரத்தில் தோல் தொய்ந்தது. தீபன் கம்பியை மீட்டினான். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. "இது வேணாங்க்கா. அவன் பார்ட்ட மாண்டலின்ல நான் பாத்துக்கிறேன்," என்று பெட்டியை மூடினான்.

மேடையில் ஆங்கிலத்தில் சொன்னான்: அடுத்தது ஒரு பழைய மெட்டு, அமெரிக்க மலைகளில் யாரோ போட்டது, யாரென்று தெரியாது. பிறகு 'பாலோ'வை வாசித்தார்கள். என் தம்பியின் முறை வந்த இடத்தில் தீபன் முன்னால் வந்தான். பின்வாங்கவே இல்லை. கைத்தட்டல் நீண்டது.

கீழே இறங்கியவனிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"சாவுக் கதை சொன்னா மூட் போயிடும் லா. பாலோன்னா இங்க யாருக்கு என்ன தெரியும்? யுகேன் இருந்திருந்தா அவனே ஓகே சொல்லியிருப்பான், அக்கா."

அது உண்மைதான். தலையாட்டியிருப்பான். பின்னால் நின்றே பழகியவன்.

வீட்டில் அம்மா கூடத்தில் காத்திருந்தார். பெட்டியை அவரே திறந்தார். தோலின் நடுவில் மஞ்சளாக ஒரு கறை மட்டும் இருந்தது.

"பொட்ட யாரு அழிச்சது?"

"தீபன்."

"பேரச் சொன்னாங்களா?"

"இல்லம்மா."

அம்மா தோலை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இன்னும் ஈரம் இருந்தது.

"அப்ப ஏன்டி கொண்டு போன," என்றார்.